கடைசிப் புடவையை முதலில் விரியுங்கள்

நான் ஓய்வு பெற்று விட்டுவந்த மேசைக்கு இப்போது நீங்கள் மூன்று பேர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் ஒருத்தியாக இழுத்த வண்டியை மூன்று பேர் சேர்ந்து இழுக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னத் திமிரும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அந்த நாற்காலியின் இடது கை ஆடும், சாய்ந்து உட்காராதீர்கள். ஜன்னலைத் திறந்தால் கீழே இட்லிக் கடையின் வாசனை மேலே வரும்; பசி வேளையில் திறக்காதீர்கள், வேலை ஓடாது. மற்றபடி அந்த மேசையைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. எதிரே வந்து உட்காருகிற ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வேலை தேடி வருகிறவர்களுக்கு ரெஸ்யூம் எழுதித் தருவது, பொருத்தமான இடத்துக்கு அனுப்பிவைப்பது, தேவைப்பட்டால் கூடவே போய் உட்காருவது, இதுதான் நம் அலுவலகத்தின் பிழைப்பு. பெரிய காஞ்சிபுரத்தில் நம் மாடிப்படி மாதிரி செங்குத்தான படி இன்னொன்று கிடையாது. கஷ்டம் இல்லாத எவனும் அதில் ஏறி வரமாட்டான். இதை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள்.

எழுத்து என்ன அளவில் இருக்க வேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இப்போது மென்பொருளிடம் கேட்டால் அதுவே ஒரு நொடியில் எழுதியும் கொடுத்துவிடுகிறது. கொடுக்கட்டும். அது எழுதிய ரெஸ்யூம்களை என் கடைசி வருஷத்தில் கண் வலிக்கப் பார்த்துவிட்டேன். தென்னேரிப் பையனும் 'துடிப்பான தலைமைப் பண்பு கொண்டவர்', ஏனாத்தூர்ப் பெண்ணும் 'துடிப்பான தலைமைப் பண்பு கொண்டவர்'. எல்லோரும் ஒரே மாதிரி துடித்துக்கொண்டிருந்தால் வேலை கொடுக்கிறவர் என்ன, இதய டாக்டரா?

அதற்கு முந்தைய காலம் வேறு ரகம். ஒருவர் தன் கல்யாணத்துக்குத் தயார் செய்த ஜாதகக் குறிப்பையே எடுத்து வந்து, தலைப்பில் 'வேலை வேண்டி' என்று மாற்றியிருந்தார். நட்சத்திரம், ராசி, மாநிறம், அமைதியான குடும்பம், எல்லாம் இருந்தது. கேட்ட வேலை, தொழிற்சாலையில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் வண்டி ஓட்டுவது. வேலை கிடைத்துவிட்டது. கல்யாணம்தான் இன்னும் ஆகவில்லை.

போகட்டும். நான் சொல்ல வந்தது லோகநாதனைப் பற்றி.

லோகநாதன் இந்த ஊரில் ஒரு பட்டுக்கடையில் மீசை முளைத்த நாளிலிருந்து புடவை விற்றவர். என்னிடம் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் சீப்பு, ஓயாத வாய். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில், கடையை மூடிவிட்டார்கள். மற்ற கடைகளில் கேட்டால் சின்ன வயசு ஆட்களாகப் பார்த்தார்கள். அவருக்காக ஒரே ஒரு வேலை காத்திருந்தது, அதுதான் அவருடைய பயமும்.

அவர் மனைவியின் தம்பி வாலாஜாபாத்தில் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறான். "எதுக்கு மாமா அலையறீங்க, எங்கிட்ட வந்துடுங்க" என்று அன்பாகத்தான் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டதோடு விடாமல் கம்பெனி டி-ஷர்ட் ஒன்றில் முதுகுப் பக்கம் 'லோகு மாமா' என்று அச்சடித்தும் கொடுத்துவிட்டான்.

"பீரோவுல தொங்கிக்கினு இருக்குது மேடம். கதவைத் தெறந்தா மொதல்ல அதுதான் கண்ணுல படுது" என்றார். "கேன் தூக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. பொடவை மூட்டை தூக்காத தோளா இது? ஆனா அவன் எங் கல்யாணத்தன்னைக்கு எம் மடியில உக்காந்து ஐஸ்கிரீம் துன்ன பையன். அவங்கிட்ட போய் நின்னுக்கினு, 'ஐயா, இன்னைக்கு அரை நாள் லீவு வேணும்'னு கேக்கணுமா? வெள்ளிக்கிழமை நல்ல நாள்னு வேற குறிச்சிட்டான் மேடம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, தலை வாராமலேயே திரும்ப வைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்தச் சமயம் பைபாஸ் ஓரம் புதிதாகத் திறந்த ஒரு கார் ஷோரூமில் விற்பனைக்கு அனுபவமுள்ள ஆள் கேட்டிருந்தார்கள். நேர்முகம் வியாழக்கிழமை. நான் கையை நீட்டினேன். லோகநாதன் தானே தயார் செய்த ரெஸ்யூமைக் கொடுத்தார். மூன்று பக்கம்.

முதல் பக்கத்தின் முதல் வரி: 'டைப்ரைட்டிங் லோயர், ஃபெயில்.' இரண்டாவது வரி: 'கம்ப்யூட்டர் சுமாராகத் தெரியும். பயம் உண்டு.' மூன்றாவது வரி: 'சைக்கிள் நன்றாக ஓட்டுவேன்.' இது கார் விற்கிற வேலைக்கு.

இரண்டாம் பக்கம் பள்ளிக்கூடம், விலாசம், பொழுதுபோக்கு என்று தூங்கி வழிந்தது. மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன், நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, நாலிலும் வாடிக்கையாளரோடு பேரம் பேசுவார். ஒரு தடவை முகூர்த்தப் புடவையின் நிறத்துக்காகச் சம்பந்திகள் கடையிலேயே சண்டை போட்டு, மாப்பிள்ளை வீட்டார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்து, சமாதானம் செய்து, இரண்டு வீட்டுக்கும் புடவை விற்று, கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்திருக்கிறார். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒரு வரி: 'கடை மூடும் நாள்வரை இருந்தேன். ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவிக் கொத்தை முதலாளி வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுத்தது நான்.'

"ஏன் லோகநாதன், இதையெல்லாம் போய் மூணாம் பக்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். கத்தினேன் என்பது மரியாதையான சொல்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தொழில் தெரியாத பொம்பளையைப் பார்க்கிற பார்வை.

"மேடம், எடுத்த எடுப்புல நல்ல பொடவையைக் காட்டலாமா? 'இன்னும் காட்டுங்க'ன்னு அதையும் தள்ளிட்டுப் போயிடுவாங்க. அப்பறம் காட்ட இன்னா இருக்குது? மொதல்ல நாலு சுமாரா விரிக்கணும். வேணாம் வேணாம்னு தள்ளுவாங்க. தள்ளட்டும். தள்ளத் தள்ள நம்ம பொடவைக்கு எடம் ஆவுது. அப்பறம் மேல் தட்டுலேர்ந்து ஒண்ணை எடுத்து, விரிக்காம, அப்படியே மடியில வெச்சிக்கினு வேற பேச்சு பேசணும். 'அது இன்னாப்பா?'ன்னு அவங்களே கேப்பாங்க. அதுதான் மேடம் கடைசிப் பொடவை. அதை வாங்காம எவனும் எழுந்தது இல்ல."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்றைக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் மனிதர் முட்டாள்தனமாக எழுதவில்லை. தனக்குச் சோறு போட்ட முறையில் கச்சிதமாக எழுதியிருந்தார். அதுதான் ஆபத்து. தெரியாமல் செய்கிறவனை இரண்டு சொல்லில் திருத்தலாம். தெரிந்து செய்கிறவனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

"உங்க கடைக்கு வர்றவங்க செருப்பை எங்க விடுவாங்க?" என்று கேட்டேன்.

"வாசல்ல."

"அப்புறம்?"

"மெத்தையில உக்காருவாங்க. சோடா குடுப்போம்."

"அப்ப அவங்க சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாங்க. ரெஸ்யூம் படிக்கிறவர் செருப்பைக் கழட்டாத ஆளு லோகநாதன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் தெருவுல. மொதல் பொடவை பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போயிடுவார். அவருக்கு நீங்க சோடா குடுக்க முடியாது."

அவர் தலையை நன்றாக ஆட்டினார். நானும் நம்பி, அன்றைக்கே ஒரே பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். மேலே மொழிகள், அடுத்து சம்பந்திச் சண்டை, அடுத்து மூன்று தலைமுறை. கடை மூடின வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

"அது இருக்கட்டும் மேடம்" என்றார். "எங்கிட்ட இருக்கிற கடைசிப் பொடவை அதுதான்."

"மூடின கடையைப் பத்தி நாமளே எதுக்குச் சொல்லணும்? ராசியில்லாத ஆளுன்னு நெனப்பாங்க. வேணாம்."

அதற்கும் தலையாட்டினார். பட்டுக்கடை விற்பனையாளர் தலையாட்டினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. உங்களைப் பேச விட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். இது எனக்கு வியாழக்கிழமைதான் விளங்கியது.

புதிய இடத்துக்கு முதல் ஆளை அனுப்பும்போது நம் அலுவலகத்தில் ஒருவர் கூடப் போவது வழக்கம். நானே போனேன். ஷோரூம் வாசலில் ஒரே களேபரம். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருந்த கார், வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அதன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே ஒரு விற்பனைப் பையன் முந்தின நாள் வேலையை விட்டுப் போய்விட்டான்; போனையும் அணைத்துவிட்டான். ஆறு பேர் காரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தள்ளுகிறவர்கள்தான் யாரும் இல்லை. பூட்டின காரைத் தள்ளவும் முடியாது.

மேனேஜர் சென்னைக்காரர். டை ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. காதில் போன். எங்களை உள்ளே கூப்பிட்டார், ஆனால் தான் உட்காரவில்லை.

"வேற ஒருநாள் பாக்கலாமா மேடம்? சரி, வந்துட்டீங்க. குடுங்க, ஒரு நிமிஷம் பாத்துடறேன்."

லோகநாதன் ஃபைலைத் திறந்தார். எடுத்த காகிதத்தின் கனத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மூன்று பக்கம். நான் எழுதிக் கொடுத்ததை வீட்டில் வைத்துவிட்டு, தன்னுடையதையே டிடிபி கடையில் புதிதாக அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு கேட்டேன். "ஒரே பொடவை இருக்கிற கடைக்கு எவன் மேடம் வருவான்?" என்றார்.

மேனேஜர் நின்றபடியே படித்தார். முதல் வரியில் புருவம் ஏறியது. இரண்டாவது வரியில் இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றாவது வரியில் காகிதத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"மேடம், என்ன இது? இங்க என் தலை போய்ட்டிருக்கு. சைக்கிள் ஓட்டுவாராம்."

என் கைப்பையில் ஒரு பக்க ரெஸ்யூமின் நகல் இருந்தது. எடுத்து நீட்டினால் என்ன? விரல் அதன்மேல் போயும் விட்டது. நீங்களாக இருந்தால் நீட்டியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ரெஸ்யூமின் மேல் இன்னொன்றை நீட்டினால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். அவர் கண் முன்னாலேயே லோகநாதன் ஒரு பொய்க்கணக்கு ஆளாகிவிடுவார். விரலை எடுத்துக்கொண்டேன்.

லோகநாதனைப் பார்த்தேன். அவர் மேனேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்ற கருப்பு ஷூ இரண்டும் வாசல் பக்கம் திரும்பி நின்றன. லோகநாதனின் முகம் தொங்கிப்போயிற்று. நான் அன்றைக்கு என் மேசையில் கத்தியது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குள் இறங்கியது. பீரோவும் டி-ஷர்ட்டும் அவர் கண்ணில் வந்துவிட்டன என்று எனக்குப் புரிந்தது. இருபது வருஷம் எதிரே உட்கார்ந்தவர்களை எழுந்திருக்க விடாத மனிதர், ஃபைலை மெல்ல மூட ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"சார்" என்றேன். "கோவிச்சுக்காதீங்க. அதைக் கடைசிப் பக்கத்துலேர்ந்து படிங்க."

"கடைசிலேர்ந்தா?"

"கடைசிலேர்ந்துதான் சார். இந்த ஊர் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் இந்த ஊரில் இல்லை. ஆனால் நெருக்கடியில் வாய் தானாக வேலை செய்யும், அதைத் தடுக்காதீர்கள். மூன்றாம் பக்கத்துக்குப் போனால் மொழிகள் கண்ணில் படுமே என்பது என் கணக்கு. மேனேஜரோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள். பக்கத்தைத் திருப்பி, அடியில் விரலை வைத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க ஆரம்பித்தார். அதாவது, நான் அடித்துப்போட்ட வரியிலிருந்து.

படித்தார். கண்ணாடிக்கு வெளியே குறுக்கே நின்ற காரைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"சாவியை நீங்களே கொண்டுபோய்க் குடுத்தீங்களா?"

"குடுக்காம? கடை அவருது சார்."

"மத்தவங்கள்லாம்?"

"முன்னாடியே வேற எடம் பாத்துக்கினு போயிட்டாங்க. தப்பு இல்ல, அவங்கவங்க குடும்பம். எனக்குத்தான் பெரியவரைத் தனியா வுட்டுட்டு வர மனசு வரல. இருந்த பொடவை எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டு, ரெண்டு பேருமா கடைசியா ஒரு கற்பூரம் ஏத்திட்டு ஷட்டரை எறக்கினோம்."

காதில் இருந்த போனில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அதை அணைத்து மேசைமேல் கவிழ்த்தார். பிறகு உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்ற கால் போலிருக்கிறது, மேசைக்கு அடியில் ஒரு ஷூவை மெல்லக் கழற்றினார். நான் பார்த்தேன். எனக்கு முன்னால் லோகநாதன் பார்த்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்த அறையில் எனக்கு வேலையே இல்லை. தொங்கிய முகம் நிமிர்ந்தது. சீப்பு வெளியே வந்தது, இந்தத் தடவை தலையும் வாரினார். சம்பந்திச் சண்டையைத் தெலுங்கும் தமிழுமாக நடித்தே காட்டினார். மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, முதல் பக்கத்துல ஏன் ஃபெயிலைப் போட்டீங்க?" என்று கேட்டார். லோகநாதன் நாலு சுமார் புடவை விஷயத்தைச் சொன்னார். மேனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம். எங்க கல்யாணப் புடவையை இந்த ஊர்லதான் எடுத்தோம். கடைக்காரன் ஒளிச்சு வெச்சிருந்த புடவையைத் தான்தான் கண்டுபிடிச்சேன்னு எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சிட்டிருக்காங்க. மடியிலயே வெச்சிருந்தானாம்."

லோகநாதன் கைகூப்பினார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையே வந்துடட்டுமா சார்?" என்றார் லோகநாதன். "நல்ல நாளுன்னு மச்சான் பாத்து வெச்சிருக்கான்."

அந்த டி-ஷர்ட்டால் இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறாராம். எத்தனை துவைத்தும் 'லோகு மாமா' மட்டும் போகமாட்டேன் என்கிறதாம்.

இதில் யார் சரி என்று கேட்பீர்கள். வரிசையில் அவர் தவறு, நான் சரி. எது கடைசிப் புடவை என்பதில் நான் தவறு, அவர் சரி. அந்த நாளுக்குப் பிறகு நான் யாருக்கும் எடுத்தவுடன் எழுத ஆரம்பித்ததில்லை. கொண்டுவந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்ககிட்ட இருக்கிற கடைசிப் புடவை எது?" என்றுதான் கேட்பேன். முதலில் விழிப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் எதையாவது சொல்வார்கள், அது காகிதத்தில் இருக்கவே இருக்காது. தென்னேரிப் பெண் ஒருத்தி வெகுநேரம் நகத்தைக் கடித்துவிட்டு, "அப்பாவுக்கு முடியாமப் போனப்ப, அந்த மழைக்காலம் முழுக்க ஊரு பால் வேனை நான்தான் ஓட்டினேன்" என்றாள். சரக்குப் போக்குவரத்து வேலைக்கு வந்தவள், 'துடிப்பானவர்' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்! அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பால் வேனை முதல் வரியில் ஏற்றினேன். நீங்களும் கேளுங்கள். நாலு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு போவார், போகட்டும், படி இறங்கும்போது யோசிப்பார்.

என் பணி நிறைவு நாளன்று நம் அலுவலகத்திலேயே மேசைகளை ஓரம் கட்டிவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நல்லதாக நாலு வார்த்தை என்னைப் பற்றிச் சொன்னார்கள், பாதி பொய். எல்லாம் முடிகிற நேரத்தில் லோகநாதன் படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு பெரிய பையோடு வந்தார். ஷோரூமைக் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் இப்போது அவர்தான். என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து விரித்தார். அழுது வடிகிற மாம்பழ நிறம்.

"ரொம்ப நல்லா இருக்குது லோகநாதன்" என்றேன்.

"மேடம், அதை வேணாம்னு சொல்லணும்."

பையைப் பார்த்தேன். உள்ளே இன்னும் மூன்று நாலு இருந்தன. ஒன்று மட்டும் ஏற்கனவே அவர் மடிக்கு வந்திருந்தது, விரிக்காமல்.

"நான் சொல்லிக் குடுத்தது மறந்துபோச்சா? கடைசிப் பொடவையை மொதல்ல எடுங்க" என்று அதட்டினேன்.

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். மற்றவர்களுடைய செருப்புகளுக்கு நடுவே என்னுடையதும் கிடந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு உக்காந்துட்டீங்க மேடம்" என்றார். "இனிமே இன்னா அவசரம்?"

நான் மாம்பழ நிறப் புடவையை வேண்டாம் என்று தள்ளினேன்.